தேன்மொழி அக்காவின் கவர் ஸ்லிப் டப்பா

அன்புள்ள தேன்மொழி அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பொய் எழுதக் கூடாதே என்றுதான். பிறகு, பாதியாவது உண்மைதானே, போகட்டும் என்று தொடர்கிறேன். மீதிப் பாதி என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து வருஷமாக உங்கள் படத்துக்கு விளக்கேற்றுகிறவளின் முகத்தைத் தினமும் பார்க்கிறீர்களே.

நீங்கள் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் கழித்து இந்த வீட்டுக்கு ரெண்டாந்தாரமாக வந்தவள் நான். பெயர் செல்வி. முள்ளிப்பட்டில் நெசவுக்காரர் வீட்டுப் பெண். உங்கள் வீட்டுக்காரர் இப்போது என் வீட்டுக்காரர். உங்கள் மகள் நித்யா என்னைச் சித்தி என்கிறாள். உங்கள் மாமியார் என்னை நல்ல நாளில் 'செல்வி' என்றும், குழம்பில் உப்பு கூடிய நாளில் 'இந்தப் பொண்ணு' என்றும் சொல்கிறார்.

உங்கள் மேல் எனக்குப் பொறாமை அக்கா. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செத்துப்போனவளைப் பார்த்து வயிறு எரிகிறாள் என்று தெரிந்தால் தெருவே சிரிக்கும். அதனால் உங்களிடமே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பாத்திரத்தில் சமைக்கிறேன், உங்கள் கொடியில் துணி காயப்போடுகிறேன். அதிலெல்லாம் எனக்கு ஒன்றும் இல்லை. அவர் தூக்கத்தில் உங்கள் பெயரைச் சொன்னால்கூடப் புரண்டு படுத்துவிடுவேன். என் வயிற்றெரிச்சல் எல்லாம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, காகிதம் மாதிரி மெல்லிய ஒரு கண்ணாடித் துண்டைப் பற்றியது. கவர் ஸ்லிப்.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு தறி. நம் வீட்டில் மட்டும் மைக்ராஸ்கோப். கல்யாணப் பேச்சின்போது, மாப்பிள்ளை காலேஜில் லேப் அசிஸ்டெண்ட், வீட்டிலும் பள்ளிக்கூடங்களுக்கு ஸ்லைடு செய்து கொடுக்கிறார் என்று சொன்னார்கள். ஸ்லைடு என்றால் என்னவென்று எங்கள் அப்பாவுக்குத் தெரியவில்லை. சினிமாக் கொட்டகையில் இடைவேளையில் போடுவார்களே, அதுதான் என்று நினைத்துக்கொண்டு சரி என்றுவிட்டார்.

வந்து பார்த்தால் கொசுவின் வாய், வெங்காய வேர், துளசித் தண்டின் குறுக்கு வெட்டு. அவர் பிளேடால் சீவி, சாயம் ஏற்றி, நீளக் கண்ணாடியில் வைத்து, ஒரு சொட்டுப் பசை விடுவார். அதன் மேல் கவர் ஸ்லிப்பை மூடுவதுதான் கடைசி வேலை. அது உங்கள் வேலையாக இருந்தது. நீங்கள் போன பிறகு இரண்டு வருஷம் அவரே தட்டுத் தடுமாறிச் செய்திருக்கிறார். நான் வந்த மூன்றாம் நாள் என்னை அந்த மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

கவர் ஸ்லிப்பைச் சாய்த்துப் பிடித்து, ஒரு ஓரத்தை மட்டும் பசையில் தொட வைத்து, மறு ஓரத்தை ஊசியால் தாங்கி, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். ஒரு நொடி அவசரப்பட்டாலும் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கொசுவின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வளையம் போட்டுக்கொண்டு ஒரு குமிழி உட்கார்ந்திருக்கும். உங்களுக்குப் போய் இதைச் சொல்கிறேனே. உங்களுக்கில்லை, இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் கை ஊரில் பேர் வாங்கிய கை அக்கா. தறிப் பாவில் பட்டு இழை அறுந்தால் எங்கள் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் முடிச்சுப் போட்ட இடத்தைப் போட்ட நானே மறுபடி தேட வேண்டியிருக்கும். அந்தத் திமிரோடுதான் உட்கார்ந்தேன். முதல் ஸ்லைடில் ஒரு குமிழி. இரண்டாவதில் மூன்று. மூன்றாவதில் கவர் ஸ்லிப் விரலுக்குள்ளேயே நொறுங்கிப் போனது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது. ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரிடமோ பேசுகிற மாதிரி ஒன்று சொன்னார்.

"தேனு ஒரு ஸ்லைடுகூட வீணாக்கனது கெடயாது."

அவ்வளவுதான். குத்திக் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பது போலத்தான் சொன்னார். ஆனால் இந்த ஐந்து வருஷத்தில் அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் தெரியுமா? பால் பொங்கி வழிந்தால்கூட, எங்கே இப்போது ஸ்லைடு பேச்சு வந்துவிடுமோ என்று அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

அவர் மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். கண்ணமங்கலத்துப் பள்ளிக்கூடத்து விலங்கியல் சார் ஒரு நாள் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "ஏம்மா, இந்த வாட்டி வந்த டப்பால கொசு வாயப் பாத்தா நடுவுல பலூன் வுட்டு வெச்சிருக்கீங்க. பழைய மேடம் போட்ட ஸ்லைடு ஸ்டாக்ல ஏதாச்சும் இருக்குதா?" என்றார். "பாத்துச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன். பழைய மேடம்! நீங்கள் மேடம், நான் 'ஏம்மா'.

அந்தப் பழைய ஸ்லைடுகளை நான் பார்க்காமல் இருப்பேனா? நீங்கள் செய்த ஒவ்வொன்றின் லேபிளிலும் மூலையில் பொடி எழுத்தில் 'தே' என்று போட்டிருப்பீர்கள். அவர் காலேஜுக்குப் போன பிறகு ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்து, எங்கேயாவது ஒரு குமிழி, ஒரு தூசி அகப்படாதா என்று தேடியிருக்கிறேன். போலீஸ்காரர்கள்கூட அப்படித் தேட மாட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை. உங்களுக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருந்திருந்தால் ஒரே ஒரு குமிழியாவது எனக்கென்று விட்டு வைத்துப் போயிருப்பீர்கள்.

அதனால் நான் திருட்டுத்தனம் கற்றுக்கொண்டேன். குமிழி விழுந்த ஸ்லைடை ஒரு நாள் முழுக்க சைலீன் திரவத்தில் ஊறப் போட்டால் பசை இளகிக் கவர் ஸ்லிப் தனியாகக் கழன்றுவிடும். உள்ளே இருக்கிற கொசுவுக்கு ஒன்றும் ஆகாது, புதிதாக ஒன்று மூடிக்கொள்ளலாம். இதை அவருக்குத் தெரியாமல், அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு சீசாவில் செய்தேன். நாற்றத்துக்குக் காரணம் கேட்ட அத்தையிடம் கரப்பான் மருந்து என்றேன்.

கழன்று வந்த கண்ணாடியை எத்தனை கழுவினாலும் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு பசைக் கோடு நின்றுவிடும். அதை மறுபடி ஸ்லைடில் வைத்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். குப்பையில் போட்டாலும் பெருக்கும்போது யார் கண்ணிலாவது பட்டுவிடும். அதனால் காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி வைத்தேன். கவர் ஸ்லிப் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று அவர் கேட்டால், "பாக்கெட்லயே ஒடஞ்சி வருதுங்க" என்பேன். அவரும் நம்பி, கடைக்காரரிடம் போய் இரண்டு தடவை சண்டை போட்டார்.

இனி அந்த டப்பாவைப் பற்றி.

உங்கள் படத்துக்குக் கீழே, சுவர்த் தட்டில், ஒரு பச்சை பிஸ்கட் டப்பா இருக்கிறது. நான் வந்த அன்றே அவர் சொன்னார். "அது தேனு கடைசியா எடுத்து வெச்ச கவர் ஸ்லிப்பு. ஏதோ பெரிய ஆர்டருக்குன்னு சேத்து வெச்சிருப்பா போல. அத மட்டும் தொடாதே செல்வி." அவரும் அதைத் திறந்ததில்லை. திறக்க மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். தூக்கினால் உள்ளே சலசலவென்று கேட்கும்.

தாலியோடு, கட்டுக்கழுத்தியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது இந்த வீட்டு வழக்கம். ஆடி இரண்டாம் வெள்ளி உங்களுக்குப் படையல். மனைப்பலகை போட்டு, செம்பில் மஞ்சள் தண்ணீர் வைத்து, வேப்பிலை செருகி, பூவும் வளையலும் வெல்லம் கலந்த பச்சரிசி மாவும் வைத்து, ஒரு புதுப் பட்டுப்புடவையை மனையில் சாத்துவார்கள். அதன் மேல் அந்த டப்பா. கற்பூரம் அணைந்ததும் அத்தை அந்தப் புடவையை எடுத்து என் கையில் கொடுத்து, "போய்க் கட்டிகினு வா, அவளே வந்த மாதிரி இருக்கும்" என்பார்.

பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள் நான். வருஷத்துக்கு ஒரு பட்டு எனக்குக் கிடைக்கிறது, அதுவும் நீங்கள் கட்டி முடித்த பிறகு. வருஷா வருஷம் பச்சை. உங்களுக்குப் பச்சை பிடிக்குமாம். என் நிறத்துக்குப் பச்சை எடுக்காது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த வருஷம் நித்யாவுக்கு வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டல். சந்தோஷத்தில் அவர் ஒரு புது மரப்பெட்டி வாங்கி வந்தார், ஸ்லைடுகளைப் பள்ளம் பள்ளமாகச் செருகி வைக்கிற மாதிரி. "நம்ம வீட்டு ஸ்லைடுல நல்லதா பாத்து இதுல எடுத்து வெச்சிக்கோ. மத்த பசங்களுக்குக் காட்டு" என்றார். நித்யா ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பொறுக்கினாள். நான் காய் நறுக்குகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி நிறைந்தது. எல்லாவற்றிலும் மூலையில் 'தே'. நான் செய்தது ஒன்றுகூட இல்லை.

அவள் என்னை வேண்டுமென்று விட்டுவிடவில்லை. நல்லதாகப் பார்த்து எடுத்தாள், நல்லதெல்லாம் உங்களுடையதாக இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஐந்து வருஷம் அவளுக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறேன் அக்கா. அந்தப் பெட்டியில் ஒரு பள்ளம், ஒரே ஒரு பள்ளம் எனக்குக் கிடைக்கக் கூடாதா?

ஆடி முதல் வெள்ளி எல்லோரும் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனார்கள். நான் தலைவலி என்று பொய் சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். படவேட்டுக்குப் பஸ் குறைவு, சாயங்காலத்துக்கு முன்னால் திரும்ப மாட்டார்கள் என்று தெரியும். என் திட்டம் என்னவென்றால், உங்கள் டப்பாவிலிருந்து நல்ல கண்ணாடியாக நாலு எடுத்து, நாலு ஸ்லைடு செய்து, மரப்பெட்டியில் உங்களுடையதில் நாலை உருவிவிட்டு என்னுடையதைச் செருகிவிடுவது. லேபிளில் 'செ' போடுவதா, வேண்டாமா என்பது மட்டும்தான் முடிவாகவில்லை. குமிழி விழாத மாயம் உங்கள் கண்ணாடியில் இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு.

கதவைத் தாழ் போட்டேன். உங்கள் படத்தைப் பார்க்காமல் டப்பாவை எடுத்தேன். மூடி இறுகியிருந்தது, கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறந்தேன்.

முக்கால் டப்பாவுக்குக் கவர் ஸ்லிப். இரண்டிரண்டுக்கு நடுவே டிஷ்யூ காகிதம் கிழித்து வைத்து, அவ்வளவு அழகாக அடுக்கியிருந்தீர்கள். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கோடு.

அடுத்ததை எடுத்தேன். அதிலும் கோடு. அதற்கு அடுத்ததிலும். ஒன்றில் சிவப்புச் சாயம் திட்டாக ஒட்டியிருந்தது. இன்னொன்றில் ஒரு கொசுக்காலே இருந்தது. அடி வரைக்கும் பார்த்துவிட்டேன் அக்கா. ஒன்றுகூடப் புதுக் கண்ணாடி இல்லை. எல்லாம் குமிழி விழுந்து, ஊறப் போட்டு, கழற்றி, கழுவி, ஒளித்து வைத்தவை. என் ஊறுகாய் பாட்டிலில் இருக்கிற அதே சரக்கு. என்னிடம் இருப்பதைவிட ஜாஸ்தி!

"பிடிபட்டீங்களா!" என்று சத்தமாகவே சொன்னேன். தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பெரிய ஆர்டராம்!

அந்த வாரம் முழுக்க எனக்கிருந்த தெம்பை என்னவென்று சொல்ல. டப்பாவை இருந்த மாதிரியே மூடி வைத்துவிட்டு, அவர் எப்போது அந்த வாக்கியத்தைச் சொல்வார் என்று காத்திருந்தேன். முன்பெல்லாம் பயந்து கேட்டதை இப்போது ஆசையாகக் கேட்டேன். ஸ்லைடு மாற்றுகிற திட்டத்தை விட்டுவிட்டேன், அதைவிட நல்ல திட்டம் வந்துவிட்டது. படையலன்று டப்பாவை மனையில் வைக்கும்போது கை தவறுகிற மாதிரி தவறிவிடுவேன். எல்லாம் தரையில் கொட்டும். பொறுக்க அவர் குனிவார். ஸ்லைடிலேயே ஊறியவர், பார்த்த கணமே தெரிந்துகொள்வார். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

அற்பத்தனம்தான். அப்போது அப்படித் தோன்றவில்லை.

படையல் வெள்ளி வந்தது. மனையில் பச்சைப் புடவை. அவர் டப்பாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினார். வாங்கினேன். கை தயாராக இருந்தது. அப்போது அவர் நித்யாவின் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கோ நித்யா. உங்கம்மா ஒரு ஸ்லைடுகூட வீணாக்கனது கெடயாது. வேலூர்ல நீ அவ பொண்ணுன்னு பேர் எடுக்கணும், ஆமா."

நான் நித்யாவைப் பார்த்தேன். புது மூக்குத்தியும் தலை நிறையப் பூவுமாக நின்றிருந்தாள். இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். அந்த மறைக்கிற வேகம் எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அந்த யோசனையிலேயே டப்பாவைப் பத்திரமாக மனையில் வைத்துவிட்டேன். அத்தை கற்பூரம் ஏற்றிவிட்டார். என் சமயம் போய்விட்டது.

மறுநாள் மதியம் அவர் ஸ்லைடு கொடுக்கப் போளூர் போயிருந்தார். அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். நித்யா அடுப்படிக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"சித்தி, நான் வேலூர் போகல."

"இன்னாடி இது! பெட்டியெல்லாம் கட்டி வெச்சிட்டு இப்ப இன்னா பேஜாரு பண்றே?"

அவள் போய், கட்டி வைத்த பெட்டியின் அடியில் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தாள். அவிழ்த்தால் ஸ்லைடுகள். அவளே செய்தவை. எல்லாவற்றிலும் குமிழி. ஒன்றில் கவர் ஸ்லிப்பே விரிசல் விட்டிருந்தது.

"நீங்க கடைக்குப் போறப்ப, அப்பா காலேஜுக்குப் போறப்ப, வெச்சி வெச்சிப் பாத்தேன் சித்தி. ஒண்ணுகூட வரல. கை நடுங்குது. அப்பா வேற சொல்லிகினே இருக்காரு, அம்மா ஒண்ணுகூட வீணாக்கல, வீணாக்கலன்னு. நான் அங்க போயி மொத ஸ்லைடே இப்டி வெச்சா? அம்மா பொண்ணுன்னு எப்டி சொல்லிக்கிறது?"

இந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இதே வேலைதானா அக்கா? ஒரு டப்பா, ஒரு பாட்டில், ஒரு துணி முடிச்சு. நான் சிரித்திருப்பேன், அவள் அழுதுகொண்டிருந்ததால் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் படத்தடிக்குப் போனேன்.

"அத தொடக் கூடாதுன்னு அப்பா..."

"நான் தொட்டாச்சி. வா இப்டி."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூடியைத் திறந்தபோது, அவளுக்குத் தைரியம் வர வேண்டும் என்று பாதி நினைத்தேன். மீதிப் பாதி, இன்றோடு உங்கள் கொட்டம் அடங்கியது என்று நினைத்தேன். எனக்கு எதுவுமே பாதிப் பாதிதான் போல.

அவள் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"இது கழுவுன கண்ணாடி சித்தி."

"உனக்கு எப்டி தெரியும்?"

"நானும் கழுவிப் பாத்தேனே. ஓரத்துப் பசை போகவே போகாது." இன்னொன்று எடுத்தாள், இன்னொன்று. "எல்லாமேவா? அம்மாவா?"

"உங்கம்மாவேதான்."

அவள் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று காத்திருந்தேன் அக்கா. பொய் சொல்லவில்லை, காத்திருந்தேன். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள்:

"இப்பதான் சித்தி ஞாபகம் வருது. சின்னதுல என்னை வாசப்படில உக்கார வெச்சிடும் அம்மா. அப்பா சைக்கிள் சத்தம் கேட்டா ஓடி வந்து சொல்லுன்னும். ஏன்னே தெரியாம உக்காந்துகினு இருப்பேன். சத்தம் கேட்டு ஓடி வந்தா, அம்மா முந்தானைல எதையோ தொடச்சிகினே, 'ஜல்தி ஜல்தி'ன்னு சிரிக்கும். இதுதான் சித்தி! இதத்தான் ஒளிச்சிருக்கு!"

ஏழு வருஷமாக அவளிடம் உங்கள் படம் இருந்தது, அப்பாவின் அந்த ஒரு வாக்கியம் இருந்தது. நீங்கள் சிரித்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது. சைக்கிள் சத்தம், முந்தானை, ஜல்தி ஜல்தி எல்லாம் அந்த மதியம்தான் திரும்பி வந்தன. நீங்கள் இருந்த வரைக்கும் என்னென்ன செய்தீர்கள் என்று சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

உங்களை இறக்கிவிடலாம் என்று டப்பாவைத் திறந்தேன். அவள் உங்களைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அங்கேயும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த ஞாபகத்தை எடுத்துக் கொடுத்த கை இந்த முள்ளிப்பட்டுக்காரியின் கை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் ஊறுகாய் பாட்டிலையும் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் அத்தை எழுந்துவிட்டார். "இன்னா ரெண்டு பேரும் கூத்தடிச்சிகினு இருக்கீங்க?" என்றார். கரப்பான் செத்துப்போச்சு அத்தை என்றேன்.

அப்புறம் நித்யா உங்கள் டப்பாவிலிருந்து கழுவிய கவர் ஸ்லிப் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதுல எனக்கு ஒண்ணு போட்டுக் குடு சித்தி." அதுவரை என்னிடம் 'குடுங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், கவனித்தீர்களா? எங்கள் அப்பா தறியிலிருந்து நான் எப்போதோ எடுத்து வந்த பட்டு இழை கொஞ்சம் இருந்தது. அதைக் கண்ணாடியில் வைத்துப் பசை விட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்த்து இறக்கினேன். அவள் என் தோளில் முகவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு குமிழி விழுந்தது. ஓரத்தில், சின்னதாக.

"இரு, ஊறப் போட்டு வேற மூடறேன்" என்றேன். அவள் ஸ்லைடைப் பிடுங்கிக்கொண்டாள். "வேணாம். எனக்கு இதான் வேணும்." மரப்பெட்டியிலிருந்து உங்கள் வெங்காய வேரை உருவி அலமாரியில் வைத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் இதைச் செருகினாள். லேபிளில் 'பட்டு இழை' என்று எழுதி, மூலையில் 'தே.செ.' என்று போட்டாள். கண்ணாடி உங்களுடையது, கை என்னுடையது என்று நியாயம் சொன்னாள். அதிலும் உங்கள் எழுத்துதான் முதலில். ஒரு சின்ன லேபிளில்கூட எனக்கு முன்னால் போய் நிற்கிறீர்களே அக்கா, உங்களை என்ன செய்வது?

போன திங்கட்கிழமை நானும் அத்தையும் அவளை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். அவர் கூடவே போய் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினார். வீடு வெறிச்சென்று இருக்கிறது. இன்று காலை அவர் காலேஜுக்குக் கிளம்பும்போது நித்யாவிடமிருந்து போன் வந்தது. நேற்றுதான் முதல் பிராக்டிகல் வகுப்பாம். "குமிழி வந்துச்சி சித்தி. ரெண்டு. மேடம் கேட்டாங்க. இன்னொண்ணு வெக்கிறேன் மேடம்னு சொல்லிட்டேன்" என்றாள். கை நடுங்கியதா என்று கேட்டேன். "நடுங்கிச்சி. இன்னா இப்ப?" என்றாள். போனை வைத்ததும் அவர் என்ன என்று கேட்டார். நல்லா இருக்காளாம் என்றேன். அவர் பெருமையாக உங்கள் படத்தைப் பார்த்தார். அந்த வாக்கியம் வந்தது. நான் அவர் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு, "ஆமாங்க, ஒண்ணுகூட வீணாக்கல" என்றேன்.

அதுதான் உங்களுக்கு என் வாக்கு அக்கா. அவரிடம் சொல்ல மாட்டேன். அவர் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் வருகிற வரைக்கும் இரண்டு வருஷத்தைத் தள்ளியிருக்கிறார், அதைப் பிடுங்கி நான் என்ன செய்யப்போகிறேன். பாட்டிலில் இருந்ததையெல்லாம் இப்போதுதான் உங்கள் டப்பாவில் கொட்டி, உங்களைப் போலவே காகிதம் வைத்து அடுக்கினேன். எது உங்கள் குமிழி, எது என் குமிழி என்று இனி நம் இரண்டு பேருக்கும்கூடத் தெரியாது. அடுத்த ஆடியில் டப்பா ஏன் கனக்கிறது என்று அவர் கேட்டால், தெரியவில்லையே என்பேன். நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த படையலுக்குப் பச்சை வேண்டாம். முள்ளிப்பட்டில் எங்கள் அப்பாவிடம் சொல்லி, அரக்கு பார்டர் வைத்து ஊதாவில் ஒன்று நெய்யச் சொல்லப்போகிறேன். உங்கள் நிறத்துக்கு ஊதா எடுக்காது என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை, ஒரு கற்பூரம் எரிகிற நேரம்தானே, பொறுத்துக்கொண்டு கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் நான் கட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொறாமை இன்னும் தீராத
உங்கள் தங்கச்சி
செல்வி